கரடிமணி

ஞாயிறு, காலை ஆறரை.
தண்ணீர்மலைப் பூங்கா வாசலில் தொடங்கும் சாலை
எடுத்த எடுப்பிலேயே செங்குத்து.
முதல் வளைவிலேயே பேச்சைப் பிடுங்கிக்கொள்ளும்.
என் பையில் தொங்கும் பித்தளை மணி
அடிக்கு ஒருதரம் கிணுகிணுக்கிறது.
முன்னால் போகும் சியாவ் லிங் திரும்பாமலே கேட்கிறாள்:
"பினாங்கில் எந்தக் கரடியை விரட்டுகிறாய், குமு?"

போன நவம்பர்.
ரத்த வங்கியில் கெஞ்சி வாங்கிய ஏழு நாள் லீவு.
கிசோ பள்ளத்தாக்கின் பழைய வழிநடைப் பாதையில்
ஒரு கடைக்காரர் எங்கள் காலணியைப் பார்த்தார்,
காட்டைப் பார்த்தார்,
"குமா" என்று சொல்லி
நகத்தால் காற்றைக் கீறிக் காட்டினார்.
குமா என்றால் கரடி.
குமுதினியைக் குமுவாக்கியவள்
சிரித்து முடிக்க ஒரு கிலோமீட்டர் ஆனது.
ஆயிரத்து இருநூறு யென் கொடுத்தேன்.
யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே,
அங்கே மணி எனக்கு.
நான் வருகிறேன், விலகிக்கொள் என்று
கண்ணில் படாத ஒன்றுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

கறுத்த மர வீடுகள். கூரையில் கல் பாரம்.
தோலுரித்த சீமைப்பனிச்சம் பழங்கள்
சரம் சரமாய்த் தாழ்வாரத்தில் காய்ந்தன.
நீராலைச் சக்கரம் ஒன்று வேலையில்லாமல் சுற்றியது.
நூற்றுப் பதினேழு படம் எடுத்தேன்.

அப்புறம் அந்தக் காடு.
நிமிர்ந்தால் தொப்பி விழும் உயரம்,
வகிடெடுத்த மாதிரி ஒளி.
பலகையைக் கைப்பேசியில் காட்டினேன், அது தமிழில் சொன்னது:
மரம் ஒன்று, தலை ஒன்று.
நடுவதற்கான கணக்கு என்று நினைத்தேன்.
இல்லை.
பிரபுக்கள் காலத்தில்
ஒரு மரத்தை வெட்டியவனுக்கு அதுதான் விலை.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு:
ஒரு சிலிப்பர்க் கட்டைக்கு ஓர் ஆள்.
அப்பாவின் பெரியப்பா அங்கமுத்து
நிபோங் திபாலில் லாரி ஏறினார்,
சயாமுக்கு ரயில் போட.
மூன்று மாதம் என்றார்களாம் ஜப்பான்காரர்கள்.
படம் இல்லை. செத்த தேதி இல்லை, அதனால் திதியும் இல்லை.
ஆடி அமாவாசைக்கு அப்பா
ஓர் இலை கூடுதலாகப் போடுவார்,
யாருக்கு என்று சொல்லமாட்டார்.

அந்த மரங்கள் அழகாக இருந்தன.
அதுதான் சங்கடம்.
ஒன்றின் பட்டையில் கை வைத்தேன்,
ஈரமாய், லேசாய் எலுமிச்சை வாசத்தோடு.
சியாவ் லிங் படம் எடுக்கட்டுமா என்றாள்.
வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை.
அவள் வீட்டிலும் ஏதோ கணக்கு இருக்கும்.

எண்பத்து நாலாம் நிறுத்தத்தில்
யாரோ தினமும் போட்டுவைக்கும் இலவசத் தே ஓ.
கிசோவிலும் இப்படித்தான், பாதி வழியில்
காசு கேட்காத தேநீர்.
பெஞ்சில் இடம் விட்ட அம்மாள்
வெயில் தொப்பிக்குள்ளிருந்து மணியைப் பார்த்தார்.
"குமா?"
தஞ்சோங் பூங்காவில் நான்கு வருடமாய்க் குடியிருக்கிறாராம், ஒக்காயாமாக்காரர்.
இங்கே கரடி இல்லை என்றேன், என் ஓட்டை மலாயில்.
அவருடைய மலாய் சுத்தமாக இருந்தது.

மணியைக் கையில் வாங்கிக் கவிழ்த்தார்.
அடியில் ஒரு குட்டிக் காந்தம்.
நாக்கைப் பிடித்து அதில் ஒட்டினார்:
ஊமை.
"பஸ்ஸில் இப்படி."
நாலு மாதமாக நான்
ஆயர் ஈத்தாம் பஸ்ஸில் கையால் பொத்திக்கொண்டு வந்தது
அவருக்கு எப்படித் தெரியும்?

கிசோ போனதில்லை என்றார்.
"மரங்கள் நன்றாக இருக்குமாமே?"
தொண்டையில் அங்கமுத்து வந்து நின்றார்.
தே ஓ சூடு. ஊதினேன்.
"நன்றாக இருக்கும்" என்றேன்.
அது பொய்யில்லை.
தன் பிஸ்கட்டில் பாதியை உடைத்து நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

இறங்கும்போது மணியை விடுவிக்க மறந்துபோனது.
மூன்றாவது வளைவில்
கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமிட்ட குரங்குகள்,
ஏழெட்டு, கையெட்டும் தூரத்தில்
இலை தின்றுகொண்டிருந்தன.
ஒன்றின் மடியில் ஆரஞ்சு நிறக் குட்டி.
ஓடவில்லை.
எங்களைப் பார்த்தன, மறுபடி இலையைப் பார்த்தன.

"இவ்வளவு நாளும்
இங்கேயேதான் இருந்ததா இதெல்லாம்?"
என்றாள் சியாவ் லிங், ரகசியம் போல.